வண்டி வழியில் நின்றால்: சிறு மோட்டார் சைக்கிளின் குறைகளை இனங்காணும் முறை

(உழவர் பயிற்சி முகாமில், பண்ணைக் கருவிகள் வகுப்பில் ஆற்றிய உரை)



பண்ணைக் கருவிகளைப் பற்றிய வகுப்பில் மோட்டார் சைக்கிளுக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் எண்ணலாம். இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருப்போரின் வீட்டில் டிராக்டர் இல்லாமல் இருக்கலாம். ஆனால் மொபெட்டோ மோட்டார் சைக்கிளோ இல்லாத வீடு இன்று அரிது. விடியற்காலையில் பால் கேனைச் சங்கத்துக்குக் கொண்டு செல்வது அதுதான். நிலக்கோட்டைக்குப் பூவும், ஒட்டன்சத்திரத்துக்குக் காய்கறியும், வயலுக்கு உர மூட்டையும் போவது அதில்தான். ஆகவே அதுவும் ஒரு பண்ணைக் கருவியே. பறித்த மல்லிகை ஏலம் முடிந்த பிறகு சந்தைக்குப் போய்ச் சேர்ந்தால், அதற்குரிய விலை கிடைப்பதில்லை. சங்கத்தின் நேரம் தவறினால் பால் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. வண்டி நிற்கும் அரை மணி நேரத்தின் விலை இதுவே.

இன்று உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒரு பழக்கத்தைப் பற்றி. வண்டி நின்றவுடன் கைக்கு அகப்பட்டதையெல்லாம் கழற்றக் கூடாது. வரிசையாகப் பார்க்க வேண்டும்; ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் பாதிக் குறைகளை நீங்களே தீர்த்துக்கொள்ளலாம். மீதிப் பாதிக்கு, எது கெட்டுள்ளது என்பதைப் பட்டறையில் தெளிவாகச் சொல்லலாம்.

இது உங்களுக்குப் புதிய பழக்கமும் அன்று. கிணற்று மோட்டார் ஓடியும் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் என்ன செய்கிறீர்கள்? உடனே மோட்டாரைக் கழற்றிவிடுவதில்லை. புட்வால்வு தண்ணீரில் மூழ்கியிருக்கிறதா, உறிஞ்சு குழாயில் காற்று புகுகிறதா, பம்பில் தண்ணீர் நிரம்பியிருக்கிறதா என்று கீழிருந்து மேலாகப் பார்க்கிறீர்கள். இலை மஞ்சளானால், தழைச்சத்துக் குறைவா, நீர் தேங்கியதா, பூச்சியா என்று பார்த்த பிறகுதான் மருந்துக் கடைக்குப் போக வேண்டும் என்று இதே அரங்கில் பல முறை சொல்லியிருக்கிறோம். வண்டிக்கும் அதே முறைதான்.

உங்கள் வண்டி எந்த வகை?

முதலில் வண்டியின் வகையை அறிந்துகொள்ள வேண்டும். நம் ஊர்களில் மூன்று வகை ஓடுகின்றன.

முதல் வகை, டூ ஸ்ட்ரோக் மொபெட். 1980-இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50 இந்த வகையைச் சேர்ந்தது. இதில் பெட்ரோலுடன் எண்ணெயும் எரிகிறது. இரண்டாவது வகை, கார்புரேட்டர் உள்ள ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி. 1985-இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்த பிறகு கிராமங்களில் இவ்வகை பெருகியது. இதில் எண்ணெய் எரிவதில்லை. எஞ்சினின் அடியில் தேங்கி நின்று உறுப்புகளை வழவழப்பாக வைக்கிறது. மூன்றாவது வகை, 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி நடைமுறைக்கு வந்த பின் வாங்கிய வண்டிகள். இவற்றில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் கிடையாது. மின்சார பம்பு பெட்ரோலை அழுத்தத்துடன் அனுப்ப, ஒரு சிறு முனை அதைப் பீய்ச்சுகிறது. இதனை இன்ஜெக்‌ஷன் வண்டி என்கிறோம்.

முதல் இரண்டு வகைகளில் நாமே சில உறுப்புகளைக் கழற்றிப் பார்க்கலாம். மூன்றாவது வகையில் பெட்ரோல் குழாயில் கை வைக்கக் கூடாது. குழாயில் அழுத்தம் இருப்பதால் பெட்ரோல் பீறிட்டு அடிக்கும்.

கிளம்பாத வண்டிக்கு மூன்று கேள்விகள்

எந்த எஞ்சினும் ஓடுவதற்கு மூன்று பொருள்கள் வேண்டும். பெட்ரோல் வர வேண்டும். தீப்பொறி வர வேண்டும். உள்ளே போன காற்று கசியாமல் அழுந்த வேண்டும். இந்த மூன்றில் எது இல்லை என்று கண்டுபிடிப்பதே நம் வேலை.

அதற்கு முன் ஒரு நிமிடம் வெளிப்படையானவற்றைப் பாருங்கள். கைப்பிடியில் உள்ள சிவப்பு கில் சுவிட்ச் அணைந்த நிலையில் இருக்கிறதா? பிள்ளைகள் விளையாட்டாக அழுத்திவிடுவதுண்டு. சில புது வண்டிகளில் பக்கவாட்டு ஸ்டாண்டு மடக்கப்படாவிட்டால், கியர் விழுந்திருக்கும்போது எஞ்சின் கிளம்பாது. டேங்கில் பெட்ரோல் உள்ளதா? முள்ளை நம்பாமல் மூடியைத் திறந்து, வண்டியை ஆட்டிப் பாருங்கள். பெட்ரோல் காக் மூடியுள்ளதா, ரிசர்வுக்குத் திருப்ப வேண்டுமா என்றும் பாருங்கள். வேர்வை வழியக் கிக்கரை உதைத்த பிறகு கில் சுவிட்சைக் கண்டுபிடிப்பவர்கள் நிறையப் பேர்.

முதற் கேள்வி: பெட்ரோல் வருகிறதா?

கார்புரேட்டர் வண்டியில், காக்கிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றி, ஒரு சிறு பாட்டிலில் பிடித்துக் காக்கைத் திறந்து பாருங்கள். சீராக ஒழுகினால் டேங்கும் காக்கும் நன்றாக உள்ளன. சொட்டுச் சொட்டாக வந்தால் காக்கின் வடிகட்டியில் அடைப்பு உள்ளது. எஞ்சின் ஆறியிருக்கும்போது, திறந்த வெளியில் இதைச் செய்ய வேண்டும். பக்கத்தில் பீடி, விளக்கு எதுவும் இருத்தலாகாது.

முதலில் சீராக ஒழுகி, பிறகு மெல்ல நின்றுவிட்டால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். மூடியில் காற்று புகுவதற்கு ஒரு நுண்ணிய வழி உண்டு. புழுதியும் சேறும் அதை அடைத்துவிட்டால், பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி வரத்து நின்றுவிடும். மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்ற சத்தத்துடன் காற்று உள்ளே போனால், குறை அந்த மூடியில்தான் இருக்கிறது.

பெட்ரோல் நன்றாக வந்தும் வண்டி கிளம்பாவிட்டால், கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, சிறிது பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். அடியில் தனியாக ஒரு படலம் தெரிந்தால் அது தண்ணீர். முழுவதையும் வடித்துவிட வேண்டும். மழைக்காலத்தில் இது அடிக்கடி நேர்கிறது.

இங்கே எத்தனாலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது நாம் வாங்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்துள்ளது. 2025-இல் இந்தக் கலப்பு நாட்டில் 20 விழுக்காட்டை எட்டியது. கரும்பு, அரிசி, மக்காச்சோளம் ஆகியவற்றிலிருந்து வருவதால் விவசாயிக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. தண்ணீர் அளவுக்கு மேல் சேர்ந்துவிட்டால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடிக்குப் போய்விடும். எஞ்சினுக்கு முதலில் போவதும் அதுவே. ஆதலால் வண்டியை மாதக்கணக்கில் பாதி டேங்க் பெட்ரோலுடன் நிறுத்தி வைக்கக் கூடாது. டேங்க் மூடியின் ரப்பர் வளையம் நன்றாக இருக்க வேண்டும். பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்கள் இந்தக் கலப்புக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை ஊதியோ வெடித்தோ இருந்தால் மாற்றிவிட வேண்டும்.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோலைக் காதால் சோதிக்கலாம். சாவியைத் திருப்பியதும் இரண்டு மூன்று விநாடிகள் பம்பு மெல்ல முனகும். அந்த ஒலி கேட்காவிட்டால் ஃபியூஸையும் பேட்டரியையும் பாருங்கள். பேட்டரி முழுவதும் இறங்கிவிட்டால் பம்பு ஓடாது. ஆகவே கிக்கரை உதைத்தும் பயன் இருக்காது. எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு, வண்டி கிளம்பிய பிறகும் அணையாவிட்டால் பட்டறைக்குக் கொண்டு செல்லுங்கள். அதன் குறையைக் கருவி வைத்துத்தான் படிக்க முடியும்.

இரண்டாம் கேள்வி: தீப்பொறி வருகிறதா?

எஞ்சின் ஆறியதும் பிளக்கைச் சுற்றியுள்ள புழுதியைத் துடைத்துவிட்டுக் கழற்றுங்கள். துடைக்காமல் கழற்றினால் மண் சிலிண்டருக்குள் விழும். கழற்றிய பிளக்கைப் பிளக் மூடியில் செருகி, அதன் உலோகப் பகுதி எஞ்சினின் உலோகத்தில் நன்றாகப் படும்படி வைத்துக் கிக்கரை உதையுங்கள். முனையில் நீல நிறப் பொறி 'சட் சட்'டென்று தெறித்தால் நல்லது. சிவந்து மங்கலாக இருந்தாலோ, பொறியே இல்லாவிட்டாலோ பிளக்கை மாற்றிப் பாருங்கள். புதிய பிளக்கிலும் பொறி வராவிட்டால் பிளக் மூடி, கம்பி, காயில் ஆகியவற்றில் குறை இருக்கலாம்.

இந்தச் சோதனையில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பிளக் கழற்றிய துளைக்கு அருகில் பொறி தெறிக்கக் கூடாது. துளை வழியே வரும் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும். பிளக்கை உலோகத்தில் வைக்காமல் காற்றில் தொங்கவிட்டும் உதைக்கக் கூடாது; மின் கருவி பழுதாகும், கையில் அதிர்ச்சியும் அடிக்கும்.

பிளக்கின் முகம் எஞ்சினின் நாக்கைப் போன்றது. வைத்தியர் நாக்கைப் பார்ப்பதுபோல் அதைப் பாருங்கள். வெளிர் பழுப்பு நிறம் நலத்தின் அடையாளம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி அல்லது ஏர் பில்டர் அடைப்பு. எண்ணெய்ப் பசையுடன் கறுத்திருந்தால் எண்ணெய் எரிகிறது. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் எஞ்சின் மிகுந்து சூடாகிறது. பெட்ரோலில் நனைந்திருந்தால் எரிபொருள் மிஞ்சிவிட்டது. கார்புரேட்டர் வண்டியில் பிளக்கைத் துடைத்துப் பொருத்தி, காக்கை மூடி, ஆக்சிலேட்டரை முழுவதும் திருகிப் பிடித்து ஐந்தாறு முறை உதைத்தால் பெரும்பாலும் கிளம்பிவிடும்.

பிளக்கின் இடைவெளி பெரும்பாலான சிறு வண்டிகளில் 0.6 முதல் 0.9 மில்லிமீட்டருக்குள் இருக்கும். உங்கள் வண்டிக்கான சரியான அளவு கையேட்டில் இருக்கிறது. திரும்பப் பொருத்தும்போது முதலில் கையாலேயே திருகி உட்காரவைத்து, பிறகு ஸ்பேனரால் இறுக்க வேண்டும். சிலிண்டர் தலை அலுமினியத்தால் ஆனது; கோணலாக நுழைத்து முறுக்கினால் மரை போய்விடும்.

கொட்டகையில் நிறுத்தும் வண்டிகளுக்கு எலியால் ஒரு தொல்லை உண்டு. நெல்லும் தீவனமும் இருக்கும் இடத்தில் எலி வந்து மின்கம்பியைக் கடிக்கிறது. திடீரெனத் தீப்பொறி இல்லாமல் போனால் சீட்டின் அடியில் கம்பிகளையும் ஒரு முறை பாருங்கள். ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸைத்தான் போட வேண்டும். செம்புக் கம்பியையோ சிகரெட் காகிதத்தையோ வைத்துக் கட்டினால், அடுத்தாற்போல் எரிவது வண்டியாக இருக்கும்.

மூன்றாம் கேள்வி: அழுத்தம் இருக்கிறதா?

பெட்ரோலும் பொறியும் இருந்தும் வண்டி கிளம்பவில்லை. கிக்கரை மெதுவாகக் கையால் அழுத்திப் பாருங்கள். ஓரிடத்தில் எதிர்ப்புத் தெரிய வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் கிக்கர் தொளதொளவென்று இறங்கினால் பிளக் இறுக்கமாக உள்ளதா என்று பார்த்துவிட்டுப் பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள். வால்வோ பிஸ்டன் வளையமோ தேய்ந்திருக்கும். இது நம் கைவேலை அன்று.

ஒரே அறிகுறி, மூன்று காரணங்கள்

இந்த முறையின் பயனைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். ஒருவரது வண்டி நான்கு கிலோமீட்டர் போனதும் நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் கழித்து உதைத்தால் கிளம்புகிறது, மறுபடியும் நின்றுவிடுகிறது. பிளக்கை மாற்றுகிறார், சரியாகவில்லை. கார்புரேட்டரைக் கழுவுகிறார், சரியாகவில்லை. புதிய கார்புரேட்டரே வாங்கலாமா என்று யோசிக்கிறார்.

வரிசையாகப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும்? வண்டி நின்ற அந்த நிமிடத்திலேயே டேங்க் மூடியைத் திறந்து மூடி, உதைத்துப் பார்க்க வேண்டும். உடனே கிளம்பினால் மூடியின் காற்று வழி அடைத்துள்ளது. ஓர் ஊசியும் சிறிது பொறுமையும் போதும். கிளம்பாவிட்டால் தீப்பொறியைச் சோதிக்க வேண்டும். பிளக் சூடாக இருக்கும் என்பதால் துணியால் பிடியுங்கள். சூட்டில் பொறி இல்லாமல், ஆறியபின் பொறி வந்தால் காயிலிலோ மின் கருவியிலோ குறை. பொறியும் பெட்ரோலும் இருந்து, சூட்டில் கிக்கர் தொளதொளத்தால் வால்வின் இடைவெளி குறைந்துவிட்டது. அறிகுறி ஒன்று, காரணங்கள் மூன்று. வண்டி ஆறிய பிறகு பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனால், அங்கே அது நன்றாக ஓடும், குறையும் அகப்படாது. ஆகவே நின்ற இடத்திலேயே பார்ப்பது மிக முக்கியம்.

பிளக்கையும் கார்புரேட்டரையும் ஒன்றாக மாற்றியதும் வண்டி ஓடிவிட்டால், எது குறை என்று தெரியாமலே போகிறது. அடுத்த முறை இரண்டுக்கும் செலவு செய்ய வேண்டியிருக்கும். ஒரு நேரத்தில் ஒன்று என்று நான் சொல்வதன் காரணம் இதுதான்.

ஓடும் வண்டி சொல்லும் அறிகுறிகள்

வண்டி ஓடுகிறது, ஆனால் இழுக்கவில்லை, பெட்ரோலும் அதிகம் குடிக்கிறது என்றால் முதலில் ஏர் பில்டரைப் பாருங்கள். நகரத்து வண்டி தார்ச் சாலையில் ஓடுகிறது. நம் வண்டி வண்டிப் பாதையிலும் களத்துமேட்டிலும் ஓடுகிறது. ஆகையால் கையேட்டில் சொன்ன காலத்துக்கு முன்பே பில்டரைச் சுத்தம் செய்ய வேண்டும். பஞ்சு பில்டரை மண்ணெண்ணெயில் கழுவி, பிழிந்து உலர்த்தி, சில துளி எஞ்சின் எண்ணெய் விட்டுப் பொருத்த வேண்டும். காகித பில்டரைக் கழுவக் கூடாது. தட்டிப் புழுதி நீக்கலாம், கறுத்துவிட்டால் மாற்ற வேண்டும். எண்ணெய் பூசிய காகித பில்டரைத் தட்டியும் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். பில்டரை எடுத்துவிட்டு ஓட்டினால் வண்டி வேகமாகப் போவதுபோல் தோன்றும். ஆனால் உள்ளே போகும் மண் சிலிண்டரை அரம்போல் ராவிவிடும்.

காலையில் இழுத்த சோக்கைத் திரும்பத் தள்ள மறப்பது, பிரேக் உராய்ந்துகொண்டே ஓடுவது, டயரில் காற்றுக் குறைவது ஆகியவையும் பெட்ரோலைத் தின்னும். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்திப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். தடையின்றிச் சுற்ற வேண்டும்.

புகையும் பேசும். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. கரும்புகை வந்தால் பெட்ரோல் மிகுதி. குளிர்ந்த காலையில் சிறிது வெண்புகை வந்து மறைவது நீராவி. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

எஞ்சின் இரைகிறது, வண்டி நகரவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. கியர் வண்டியில் கிளட்ச் லீவர் முனையில் 10 முதல் 20 மில்லிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும். தளர்வே இல்லாமல் இறுகியிருந்தால் கேபிளைத் தளர்த்தினாலே போதும். அப்படியும் வழுக்கினால் எண்ணெயைப் பற்றி யோசியுங்கள். மோட்டார் சைக்கிளின் கிளட்ச் எஞ்சின் எண்ணெயிலேயே மூழ்கியிருக்கிறது. காருக்கான எண்ணெயை ஊற்றினால் வழுக்கக் கூடும். டப்பாவில் ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ. என்ற குறி உள்ளதை வாங்க வேண்டும்.

ஓடிக்கொண்டிருந்த வண்டி சூடாகித் திடீரென இறுகி நின்றால் கிக்கரை உதைக்காதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள். நிழலில் ஆறவிட்டு, எண்ணெய்க் குச்சியை எடுத்து அளவு பாருங்கள். எண்ணெய் குறைந்த எஞ்சினை உதைத்து ஓட்டுவது, ஒரு லிட்டர் எண்ணெய்ச் செலவை முழு எஞ்சின் வேலையாக்கிவிடும்.

வாய்க்காலைக் கடக்கும்போது தண்ணீரில் மூழ்கி நின்ற வண்டியையும் உடனே உதைக்கக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அழுந்தாது. உள் உறுப்பு வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றிவிட்டு, பிளக் மூடியைத் துளையிலிருந்து தள்ளி ஒதுக்கி, சாவியை அணைத்து வைத்துக்கொண்டு மெதுவாக உதைத்துத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்துவிட்டது. எண்ணெயை மாற்றாமல் ஓட்டக் கூடாது.

உயிரோடு தொடர்புடைய மூன்று

இதுவரை சொன்ன குறைகளால் நேரமும் பணமும் போகும். இனிச் சொல்பவற்றால் உயிர் போகும். ஆகவே இவற்றில் சிக்கனம் கூடாது.

முதலாவது பிரேக். டிரம் பிரேக் உள்ள பின் சக்கரத்தின் மிதியில் 20 முதல் 30 மில்லிமீட்டர் தளர்வு இருக்கலாம். அதற்கு மேல் போனால் பின்னால் உள்ள நட்டைத் திருகிச் சரிசெய்யலாம். பல வண்டிகளில் டிரம்மின் வெளியே அம்புக்குறி ஒன்று உண்டு. பிரேக்கை முழுவதும் மிதிக்கும்போது அம்பு எல்லைக் கோட்டைத் தொட்டால், நட்டை இறுக்குவது தீர்வு அன்று. பிரேக் ஷூவை மாற்ற வேண்டும். வாய்க்காலைக் கடந்ததும் பிரேக்கை இலேசாக மிதித்தபடி சிறிது தூரம் ஓட்டி ஈரத்தை உலர்த்துங்கள்.

இரண்டாவது செயின். சுமை இல்லாத நிலையில் கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் ஆட்டினால் சுமார் ஓர் அங்குலம் ஆட வேண்டும். சக்கரத்தைச் சுற்றிப் பல இடங்களில் பாருங்கள். மிக இறுக்கமான இடத்தில் அளவு சரியாக இருக்க வேண்டும். இரு பக்கக் குறிகளும் ஒரே அளவில் இல்லாவிட்டால் சக்கரம் கோணிக்கொள்ளும். எஞ்சினிலிருந்து வடித்த கறுத்த எண்ணெயைச் செயினில் பூசுவது நம்மவர் வழக்கம். அதில் உள்ள உலோகத் துகளும் அதில் ஒட்டும் மண்ணும் செயினை அறுக்கின்றன. மண்ணெண்ணெயில் துடைத்து, தொண்ணூறாம் எண் கியர் எண்ணெயை விட்டு, மிகுந்ததைத் துடைத்துவிடுங்கள். எஞ்சினை ஓடவிட்டுச் செயினைத் துடைக்கவே கூடாது. துணியைப் பல் சக்கரம் இழுக்கும். துணியோடு விரலும் போகும். பெண்கள் பின்னால் அமரும் வண்டியில் சேலைக் காப்புக் கம்பி கட்டாயம் இருக்க வேண்டும்.

மூன்றாவது டயரும் சுமையும். 100 சி.சி. வண்டிகளில் தனியாகப் போகும்போது முன் டயருக்கு 25 பவுண்டு, பின் டயருக்கு 28 பவுண்டு காற்று என்பது பொதுவான அளவு. பின்னால் ஆளோ சுமையோ இருந்தால் பின் டயருக்குக் கூடுதலாக வேண்டும். அந்த அளவையும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். 45 கிலோ யூரியா மூட்டை இரண்டு ஏற்றினால் 90 கிலோ. அதன்மேல் ஓட்டுபவரும், பின்னால் இன்னொருவரும் அமர்ந்தால் எந்தச் சிறு வண்டியும் தாங்காது. பின்பக்கம் பாரம் மிகுந்தால் முன் சக்கரம் இலேசாகி, திருப்பத்தில் பிடிப்பு இழக்கும். இரண்டு நடையாகப் போவது நேர நட்டமாகத் தோன்றினாலும் அதுவே இலாபம்.

நாள், வாரம், மாதம்

நாள்தோறும் கிளம்பும் முன் பிரேக், டயர், விளக்கு, எண்ணெய்க் கசிவு ஆகிய நான்கையும் ஒரு பார்வை பாருங்கள். வாரம் ஒரு முறை செயின் தளர்வையும், எண்ணெய் அளவையும், டயர்க் காற்றையும் பாருங்கள். மாதம் ஒரு முறை ஏர் பில்டர், பிளக், கேபிள்கள், பேட்டரி முனைகள் ஆகியவற்றைச் சுத்தம் செய்யுங்கள். வண்டியைப் பம்புசெட் தண்ணீரில் கழுவும்போது ஏர் பில்டர் வாயிலும், சைலன்சரிலும், பிளக் மூடியிலும் நீரைப் பீய்ச்ச வேண்டாம். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்கவும் வேண்டாம்; புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, அது ஆளைக் கொல்லும்.

சீட்டின் அடியில் இவற்றை வைத்துக்கொள்ளுங்கள்: பிளக் ஸ்பேனர், பழுதற்ற ஒரு பிளக், ஒரு ஃபியூஸ், ஒரு ஸ்குரூ டிரைவர், கட்டுக் கம்பி, பழந்துணி. மாட்டுக்கு ஊசி போட்ட தேதியைக் குறித்து வைப்பதுபோல், எண்ணெய் மாற்றிய நாளையும் கிலோமீட்டரையும் ஒரு சிறு நோட்டில் எழுதுங்கள்.

எங்கே கையை எடுத்துக்கொள்வது என்பதையும் அறிய வேண்டும். வால்வு, பிஸ்டன், கியர்ப் பெட்டி, இன்ஜெக்‌ஷன் குழாய், டிஸ்க் பிரேக் ஆகியவை பட்டறைக்கு உரியவை. ஆனால் அங்கே போகும்போது "வண்டி ஓடவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "பெட்ரோல் வருகிறது, பொறியும் நீலமாக இருக்கிறது, சூடானால் மட்டும் அழுத்தம் இல்லை" என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னால், மெக்கானிக் தேடும் நேரம் மிச்சமாகும். தேவையற்ற உதிரிப் பாகத்துக்குக் காசு கொடுக்க நேராது.

பெட்ரோல், பொறி, அழுத்தம் என்ற இந்த வரிசையை வீட்டில் வண்டி ஓட்டும் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். அடுத்ததாகச் செய்முறை நேரம். வெளியே மரத்தடியில் மூன்று வண்டிகளை நிறுத்தியுள்ளோம். ஒவ்வொன்றிலும் ஒரு குறை வைத்திருக்கிறோம். ஐந்து ஐந்து பேராக வந்து கண்டுபிடியுங்கள். கிக்கரை உதைக்கும் முன் கில் சுவிட்சைப் பார்க்க மறவாதீர்கள்.